கைநாட்டுப் பரம்பரை

போன வருஷம் விருத்தாசலம் பக்கத்தில் மாணவர்கள் சிலர் கூட்டிய வாசகர் கூட்டம் ஒன்றில் பேசப் போயிருந்தேன். பேச்சு என்னவோ பஞ்சமி நிலம் பற்றித்தான். முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி எழுந்தான். “அண்ணே, ஆதார்ல சாதி கேக்கறதில்ல, மதம் கேக்கறதில்ல. பேரு, பொறந்த தேதி, ஆணா பொண்ணா, வெலாசம். அவ்வளவுதான். நம்ம ஊரு மணியக்காரன் எழுதுன எந்தக் காயிதத்துல அப்படி இருந்துச்சி? நாடு முழுக்க ஒரே அட்டை, எல்லாருக்கும் ஒரே மாதிரி நம்பருன்னா அது நமக்கு நல்லதுதானே? நம்ம ஆளுங்களே அதை ஏன் எதிர்க்கிறீங்க?” என்று கேட்டான்.

கூட்டம் கைதட்டியது. நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் சமாளித்தது எனக்கே உறுத்தியது. அந்தத் தம்பிக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் கேட்டது அசட்டுக் கேள்வி அல்ல. 2016ஆம் ஆண்டு ஆதார் சட்டம், சேகரிக்கும் விவரங்களில் சாதி, மதம், இனம் இருக்கக்கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறது. 1980இல் எம்.ஜி.ஆர் அரசு கர்ணம், மணியம் பதவிகளை ஒழிக்கும்வரை சேரியின் பிறப்பும் இறப்பும் நிலமும் பரம்பரை பரம்பரையாக ஊர்த்தெருக்காரர் வீட்டுத் திண்ணையில்தான் எழுதப்பட்டன. எங்கள் தாத்தா காலத்தில் ரேஷன் அட்டைகூட நிலக்காரர் வீட்டு அலமாரியில் கிடந்ததாகச் சொல்வார்கள். அரசாங்கம் நேரடியாக நம் கையில் கொடுக்கும் காகிதம் என்பது நமக்குச் சின்ன விஷயம் இல்லை. பட்டா கேட்டோம், சாதிச் சான்றிதழ் கேட்டோம், வேலை அட்டை கேட்டோம். 1892இல் ஆங்கில அரசு ஒடுக்கப்பட்டோருக்கென்று ஒதுக்கிய நிலத்தை ஒரு நூற்றாண்டு கழித்து நாம் திருப்பிக் கேட்கும்போது கையில் பிடித்து நின்றதும் ஒரு அரசாணையைத்தான். 1994இல் காரணையில் அந்த நிலத்துக்காக ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். ஆகவே காகிதமே வேண்டாம், எண்ணே வேண்டாம் என்று பேசுகிறவன் நான் இல்லை. அப்படிப் பேச எந்த ஆவணமும் கேட்காமலே எங்கும் மரியாதை கிடைக்கிற சாதியில் பிறந்திருக்க வேண்டும்.

ஆனால் அட்டையின் வரலாறு வேறு, விரலின் வரலாறு வேறு. நம் ஆட்களின் கதை இரண்டாவதில் இருக்கிறது.

1858 ஜூலை. வங்காளத்தில் ஜங்கிப்பூர் என்ற இடம். வில்லியம் ஹெர்ஷல் என்ற இளம் ஆங்கில அதிகாரி சாலை போடச் சல்லி வாங்க ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஒப்பந்தம் எழுதுகிறார். இரண்டாயிரம் மணங்கு. கையெழுத்துப் போட வரும்போது ஹெர்ஷலுக்கு ஒரு யோசனை. கோனாயின் உள்ளங்கையில் மை தடவி, ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் அப்படியே அழுத்தி எடுக்கிறார். கைரேகை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்ற ஆராய்ச்சியெல்லாம் அப்போது அவருக்குத் தெரியாது. பின்னால் இது என் கையெழுத்தில்லை என்று இந்த ஆள் மறுத்துவிடக் கூடாது, அதற்கு ஒரு பயம் காட்டி வைப்போம் என்பதுதான் நோக்கம். இதை அவரே வயதான காலத்தில், 1916இல் வெளியிட்ட சிறு நூலில் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார். கோனாயின் கை அந்தப் புத்தகத்தில் படமாக இருக்கிறது. விரல்கள் விரிந்த ஒரு வலது கை. நவீன உலகம் பாதுகாத்து வைத்த கைரேகைகளில் அதுதான் ஆதி.

கோனாய் என்பது இன்று மேற்கு வங்கத்துப் பட்டியல் சாதிகளில் ஒன்றின் பெயர். பெயரை மட்டும் வைத்து ராஜ்யதரை நம்மாள் என்று நான் சொந்தம் கொண்டாடப் போவதில்லை. ஆனால் அந்தக் கையைப் பார்த்தபோது எனக்கு எங்கள் தாத்தா ஞாபகம் வந்தது. அவர் படியாள். கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கு நோட்டில் ரேகை வைத்தவர். எவ்வளவு தொகை எழுதியிருந்தது என்று சாகும்வரை அவருக்குத் தெரியாது. “மைய தொட்டு வைடான்னான், வச்சேன்” என்பார். அவ்வளவுதான் அவருடைய ஒப்பந்தம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அதற்குள் அவர் அந்தக் கடனைத் தன் உடம்பாலேயே அடைத்து முடித்திருந்தார். ‘கைநாட்டு’ என்ற சொல்லை நம் ஊரில் வசவாகத்தான் கேட்டு வளர்ந்தோம். கையெழுத்து உள்ளவனுக்குச் சொல், கைநாட்டுக்காரனுக்கு உடம்பு. சொல்லை மாற்றிச் சொல்லலாம், உடம்பை மாற்ற முடியாது என்பதால்தான் ஆள்பவனுக்கு ரேகை பிடித்துப்போயிற்று. (ஏகலைவனை இழுக்காமல் கட்டைவிரல் பற்றி எழுதவே முடியாதா உங்களால் என்று ஒரு நண்பர் கேட்பார். இந்தக் கட்டுரையில் இழுக்கவில்லை.)

ஹெர்ஷலின் யோசனையை முழு இயந்திரமாக்கியது வங்காளப் போலீஸ். 1897இல் கல்கத்தாவில் கைரேகை அலுவலகம் திறந்தார்கள். ரேகைகளை வகைபிரித்துத் தேடி எடுக்கும் கணக்கை உழைத்து உருவாக்கியவர்கள் அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள். முறைக்கு வைத்த பெயர் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர். 1901இல் அது லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்குப் போனது. நாம் சாதாரணமாக நினைப்பதுபோல இது அங்கிருந்து இங்கே வந்த வித்தையல்ல. இங்கே நம் கைகளில் பழகி அங்கே போனது.

இங்கே யார் கையில் பழகினார்கள்? 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வடக்கே வந்துவிட்டது. பிறப்பாலேயே குற்றவாளி என்று ஒரு கூட்டத்தை முழுதாக அறிவிக்கலாம் என்றது அது. இப்படி ஒரு சட்டம் எழுத வெள்ளைக்காரனுக்கு எங்கிருந்து தைரியம் வந்தது? தச்சன் மகன் தச்சன், நெய்பவன் மகன் நெய்பவன் என்றால் திருடன் மகன் திருடன்தானே என்று அந்நாளைய அதிகாரிகள் வாதம் செய்தார்கள். சாதியைப் படித்துவிட்டுத்தான் எழுதினார்கள். 1911ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. ரேகை எடுக்கும் அதிகாரம் அதில் பிரிவாகவே எழுதப்பட்டது. நம் மக்கள் அதற்கு வைத்த பெயர்தான் சரியான பெயர்: ரேகைச் சட்டம். பதிவான ஆண் ஊரைவிட்டு வெளியே போகச் சீட்டு வாங்க வேண்டும், போன ஊரில் காட்ட வேண்டும். பல ஊர்களில் இரவானால் போலீஸ் சொன்ன இடத்தில் வந்து படுக்க வேண்டும். புதிதாகக் கல்யாணமானவனும் அங்கேதான் படுத்தான்.

குறவர்கள் இந்தச் சட்டத்தில் பட்ட பாடு தனியாக எழுத வேண்டியது. ஆந்திரப் பக்கம் எருகுலரை ஸ்டூவர்ட்புரத்தில் குடியமர்த்தி இரட்சணிய சேனையிடம் ஒப்படைத்தார்கள். நம் தென்னாற்காட்டில் அஜீஸ் நகரில் ஒரு செட்டில்மென்ட். எங்கள் பக்கத்து வேப்பூர்ப் பறையர்களைக் குற்றக் கூட்டம் என்று எழுதி வைத்த அதிகாரிகளின் நூல்களை எம்.ஏ. படிக்கும்போது நூலகத்தில் பார்த்தேன். எங்கம்மாவின் சொந்தங்கள் அந்தச் சுற்றுவட்டாரத்து ஆட்கள். நூலகத்திலிருந்து வெளியே வந்து டீ குடிக்கும்போது எதிரில் ஒரு போலீஸ்காரர் நின்றார். காரணமே இல்லாமல் தள்ளிப்போய் நின்று குடித்தேன். நூறு வருஷத்துப் பழைய புத்தகத்துக்கு அவ்வளவு சக்தி.

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர். ரேகை எடுக்க வந்த அதிகாரிகளிடம் நாங்கள் குற்றவாளிகள் இல்லை, விரலைத் தர மாட்டோம் என்று பிறமலைக் கள்ளர்கள் எதிர்த்து நின்றார்கள். போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள் என்று அந்த ஊர் இன்றும் நினைவு கொண்டாடுகிறது. அடையாள அட்டை பற்றி இந்த நாட்டில் நடந்த முதல் வாக்கெடுப்பு என்று நான் அதைத்தான் சொல்வேன்.

இதை ஒரு தலித் இதழில் எழுதும்போது அடுத்த வரியையும் எழுதாமல் விட முடியாது. அதே உசிலம்பட்டி வட்டாரத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டபோது பத்து வருஷம், 2006 வரைக்கும், ஒரு தலித் தலைவர் நாற்காலியில் உட்கார முடியவில்லை. பிறப்பை வைத்துத் தன்மேல் குத்தப்பட்ட முத்திரையை உயிரைக் கொடுத்து எதிர்த்தவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர், பிறப்பை வைத்து நம்மை ஒதுக்கினார்கள். அதனால் 1920இல் சிந்திய ரத்தம் சின்னதாகிவிடாது. ஆனால் அந்த ரத்தத்தை வைத்து 2006ஐ மறைக்கவும் விடமாட்டோம். அம்பேத்கர் 1948இல் தீண்டப்படாதார் பற்றி எழுதிய நூலின் முன்னுரையில் குற்றப் பரம்பரையினர், பழங்குடிகள், தீண்டப்படாதார் மூவரையும் ஒன்றாக நிறுத்தித்தான் இந்து நாகரிகத்தைக் கேள்வி கேட்டார். அந்த வரிசை அரசியலில் கூடி வரவே இல்லை.

இதே சிக்கல் கடல் தாண்டியும் இருக்கிறது. 1906இல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் எல்லோரும் ரேகை வைத்துப் பதிவுச் சீட்டு வாங்க வேண்டும், போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. காந்தியின் சத்தியாகிரகம் பிறந்தது அந்தச் சீட்டின் மேல்தான். 1908 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க் மசூதி வாசலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளைக் கொப்பரையில் போட்டுக் கொளுத்தினார்கள். சிறைக்குப் போனவர்களில் தமிழ்க் கூலிகளும் சிறு வியாபாரிகளும் ஏராளம். நல்ல போராட்டம்தான். ஆனால் இந்தியர்களை ஆப்பிரிக்கக் கறுப்பர்களோடு ஒரே வரிசையில் வைப்பதா என்ற கசப்பு அந்நாளைய காந்தியின் எழுத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. சீட்டு கேவலம் என்பது ஒரு எதிர்ப்பு. அந்தச் சீட்டு எனக்குக் கேவலம், அவனுக்கு இருந்தால் பரவாயில்லை என்பது வேறு. கறுப்பின மக்களுக்கு அந்தச் சீட்டு அதற்கு முன்னும் இருந்தது, பின்னும் இருந்தது. 1913இல் புளூம்பான்டைன் நகரத்துக் கறுப்பினப் பெண்கள் அதை எதிர்த்து வீதிக்கு வந்து சிறை போனார்கள். 1952இல் வெள்ளை அரசு கொண்டுவந்த சட்டத்தின் பெயரைக் கேளுங்கள்: கடவுச் சீட்டு ‘ஒழிப்பு’ச் சட்டம். ஒழித்துவிட்டு, எல்லாச் சீட்டையும் சேர்த்து ஒரே புத்தகமாக, ரேகையோடு, கறுப்பர் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தது. எங்கே வேலை, யார் முதலாளி, நகரத்தில் இருக்க அனுமதி உண்டா என்று எல்லாம் ஒரே இடத்தில். வசதியாகத்தான் இருந்தது, போலீசுக்கு. 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் அந்தப் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்து, எங்களைக் கைது செய் என்று நின்றவர்களில் 69 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். 1986இல்தான் அந்த முறை போனது.

ருவாண்டாவில் பெல்ஜியர்கள் 1930களில் அட்டையில் இனத்தை எழுதி வைத்தார்கள். 1994இல் சாலைத் தடுப்புகளில் அந்த ஒரு சொல் உயிரை எடுத்தது. இலங்கையில் 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழர்களில் எத்தனையோ பேருக்கு, 1968 சட்டத்தின்படி வந்த தேசிய அடையாள அட்டை எட்டாக் கனியாகவே கிடந்தது. பிறப்புப் பதிவு இல்லை, அட்டை இல்லை, யுத்தகாலச் சோதனைச் சாவடியில் பதில் இல்லை. நமக்கு ரேகைச் சட்டம் தந்த பிரிட்டனோ, உலக யுத்தத்துக்காகத் தன் மக்களுக்குக் கொடுத்த அட்டையை 1952இலேயே ரத்து செய்துவிட்டது. 2006இல் திரும்பச் சட்டம் போட்டார்கள், 2010இல் அதையும் தூக்கி எறிந்தார்கள். வெள்ளைக்காரனுக்குத் தன் சட்டைப்பையில் அட்டை இருப்பது அவமானம். அடுத்தவன் சட்டைப்பையில் இருந்தால் அது நிர்வாகம்.

மறுபடி அந்தத் தம்பியிடம் வருகிறேன். சாதி கேட்காத எண் நல்லதுதானே என்றான். எங்கள் வீட்டில் ஆளுக்கு இரண்டு பெயர். கோயில் பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பெயர் ஒன்று. 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி இல்லை என்றது. பிறகு 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தது. கிறிஸ்தவனாகவோ முஸ்லிமாகவோ போனவனுக்கு இன்னும் வாசல் மூடித்தான் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் கூப்பிட்ட பெயரில் ஊரே அப்பாவைக் கூப்பிட்டது. சான்றிதழில் அவர் வேறொருவர். சேரிக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் இந்த இரண்டு பெயர்களின் இடைவெளியில்தான் நான் படித்தேன், உதவித்தொகை வாங்கினேன். இதைப் பொய் என்பவர்கள் முதலில் 1950 ஆணையைப் படிக்கட்டும். ஒரே ஆள், ஒரே பெயர், ஒரே எண், எல்லா அலுவலகத்துக்கும் ஒரே திரை என்று வரும்போது அந்த இடைவெளி மூடிப்போகும். அட்டை சாதி கேட்கவில்லைதான். அந்த எண்ணைச் சாதிச் சான்றிதழிலும் வங்கிக் கணக்கிலும் உதவித்தொகையிலும் கட்டிவிட்டால் அது தனியாகக் கேட்க வேண்டிய அவசியமே இல்லையே, தம்பி.

ஆதார் முதன்முதல் வழங்கப்பட்டது 2010 செப்டம்பர் 29 அன்று, மகாராஷ்டிராவில் நந்துர்பார் மாவட்டத்தின் தெம்பளி என்ற ஆதிவாசி கிராமத்தில். பிரதமர் மன்மோகன் சிங் நேரில் போய்க் கொடுத்தார். மும்பையின் பணக்காரக் குடியிருப்பில் ஆரம்பிக்கவில்லை பாருங்கள். அடையாளமே இல்லாத ஏழைக்கு அடையாளம் என்றார்கள். பத்து விரல், இரண்டு கருவிழி, ஒரு முகம். அரசு தரும் உதவிகளை வாங்க இது வேண்டும் என்று 2016இல் சட்டமே வந்தது. உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்து வழக்காடியவர்களில் மலம் அள்ளும் கொடுமைக்கு எதிராக இயக்கம் நடத்தும் பெஜவாடா வில்சனும் ஒருவர். நம் இதழ்களில் இது ஏன் பெரிதாகப் பேசப்படவில்லை என்று எனக்கு இன்றும் ஆதங்கம். 2017இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். 2018 செப்டம்பரில் நால்வர் ஒருபக்கம், சந்திரசூட் தனியாக மறுபக்கம் நின்று, ஆதார் செல்லும் என்று தீர்ப்பானது. தனியார் கம்பெனிகள் கேட்கக்கூடாது, அரசின் மானியத்துக்குக் கேட்கலாம் என்பது தீர்ப்பின் சாரம். கையில் காசிருப்பவனுக்குப் பாதி விடுதலை கிடைத்தது. ரேஷன் அரிசி தின்கிறவனுக்கு அதுவும் இல்லை.

அந்த வழக்கில் ஆணையமே கொடுத்த கணக்குப்படி, அரசுச் சேவைகளில் நூற்றுக்குப் பன்னிரண்டு முறை விரல் பொருந்தவில்லை. அது யார் விரலாக இருக்கும்? எங்கம்மா ஏழு வயசிலிருந்து நாற்று நட்டவள், கரும்பு சோகை உரித்தவள், செங்கல் சூளையில் அடுக்கியவள். 2020இல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்கு ரேகை மிசின் வந்ததிலிருந்து மாதாமாதம் அவளுக்கு ஒரு பரீட்சை. கடைக்காரர் கட்டைவிரலை வைக்கச் சொல்வார், பிறகு ஆள்காட்டி விரல், பிறகு துடைத்துவிட்டு மறுபடி. அம்மா முந்தானையில் துடைப்பாள். “வெரலு வேலை செஞ்சி தேஞ்சிபோச்சி, அதுக்கு நான் இன்னாடா பண்ணட்டும்? வேலையே செய்யாதவங்களுக்கு மட்டுந்தான் ரேகை இருக்கும்போல” என்றாள் ஒருநாள். மாநில அரசு சில மாற்றுவழிகள் சொல்லியிருப்பது உண்மை. கடைக்காரரும் கெட்டவரல்ல. ஆனால் மாற்றுவழி என்பது அவர் மனசைப் பொறுத்தது. உரிமையாக இருந்தது இப்போது தயவாகிவிட்டது. ஜார்க்கண்டில் 2017 செப்டம்பரில் ஒரு பதினொரு வயதுப் பெண்குழந்தை செத்தது. ஆதார் இணைக்காததால் அட்டை ரத்தாகி, ரேஷன் நின்று, பட்டினியால் செத்தது என்றார்கள் உணவு உரிமை இயக்கத்தினர். மலேரியா என்றது அரசு. அட்டை ரத்தானதை மறுக்கவில்லை.

அப்படியாவது இந்த எண் நம்மைக் குடிமக்கள் ஆக்கியதா? இல்லை. ஆதார் குடியுரிமைக்குச் சான்று இல்லை என்று அதன் சட்டமே சொல்கிறது. குடிமக்கள் ஒவ்வொருவரையும் கட்டாயமாகப் பதிவு செய்து தேசிய அடையாள அட்டை தரலாம் என்ற அதிகாரத்தை 2003இல் குடியுரிமைச் சட்டத்தில் திருத்தமாக ஏற்கனவே சேர்த்து வைத்திருக்கிறார்கள். அது உறையில் கிடக்கும் கத்தி. அசாமில் 2019 ஆகஸ்ட் 31 அன்று குடிமக்கள் பதிவேடு வெளியானபோது 19 லட்சம் பேர் வெளியே நின்றார்கள். 2025 கோடையில் பீகாரில் வாக்காளர் பட்டியலைத் தீவிரமாகத் திருத்தக் கிளம்பிய தேர்தல் ஆணையம் பதினொரு ஆவணங்களைக் கேட்டது. அதில் ஆதார் கிடையாது! உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு செப்டம்பரில்தான் பன்னிரண்டாவதாகச் சேர்ந்தது. அதற்குள் ஆகஸ்ட் வரைவுப் பட்டியலில் 65 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர், இடம் மாறியவர், இரட்டைப் பதிவு என்று ஆணையம் காரணம் சொன்னது. செங்கல் சூளைக்குப் போனவனும் இடம் மாறியவன்தானே. அரிசிக்கு விரல் வேண்டும், ஓட்டுக்கு விரல் போதாது. எடுத்துக்கொள்ளும்போது அடையாளம், கொடுக்க வேண்டிய இடத்தில் சந்தேகம்.

அம்மாவின் ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருக்கிறது. எங்கள் தெருவில் அவள் வயசுக்காரர்கள் பாதிப்பேர் ஜனவரி 1இல்தான் பிறந்திருக்கிறார்கள். “பெரிய வெள்ளம் வந்துச்சே, அதுக்கு மறு வருசம் அறுப்புல பொறந்தேன்” என்று அவள் சொன்னதை எழுத அதில் கட்டம் இல்லை. நாளைக்கு ஒருவன் வந்து, நீ எப்போ பொறந்த, உங்கப்பன் எங்கே பொறந்தான், காயிதம் காட்டு என்றால் அவளிடம் இருப்பது இந்த ஜனவரி 1தான்.

எனவே தம்பி, பட்டாவும் வேலை அட்டையும் நான் அரசைப் பிடித்து நிறுத்தும் கயிறுகள். அந்தக் காகிதத்தை நான் பெட்டியில் வைத்துப் பூட்டலாம், கோர்ட்டில் காட்டலாம், என் பிள்ளைக்குக் கொடுக்கலாம். அது வேண்டும், இன்னும் நிறைய வேண்டும். என் விரலைக் கேட்டு, விரலுக்கான பதிலை எங்கோ வைத்துக்கொண்டு, பொருந்தவில்லை என்று ஒரு சிவப்பு விளக்கில் என்னை இல்லாமல் ஆக்கும் ஏற்பாடு நாளைக்குத் தேசிய அட்டை என்று வேறு பெயரில் வந்தாலும் எனக்கு வேண்டாம். அந்தக் கூட்டத்திலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. குடும்ப அட்டையில் என் பெயர் இன்னும் அம்மாவோடுதான் இருக்கிறது. அவள் விரல் மூன்று மாதமாகச் சுத்தமாகப் பொருந்துவதில்லை. அட்டையில் உள்ள யார் விரலும் போதும் என்பதால் மாதம் பிறந்தால் நான் பஸ் ஏறி ஊருக்குப் போகிறேன். பேனா பிடிக்கிற கை, ரேகை பளிச்சென்று விழும். முதல் தடவையிலேயே பச்சை விளக்கு. “பாரு, எம்புள்ள வெரல ஒரே தபா வச்சான்” என்று வரிசையில் நிற்கிறவர்களிடம் அம்மா பெருமையாகச் சொல்வாள். வருகிற ஐந்தாம் தேதி எங்கள் தெருவுக்கு அரிசி. நேற்று போன் பண்ணிக் காலை எட்டு மணிக்கே வந்துவிடச் சொன்னாள்.